புளிப்பை அளந்த பேரறிஞர் சோரன்சன்

பத்தாம் வகுப்பு வேதியியல் நூலைத் திறந்ததும் நம்மை எதிர்கொண்டு நிற்பது பி.எச். என்னும் சிறு குறியீடு. எலுமிச்சைச் சாற்றுக்கு ஏறத்தாழ 2, தூய நீருக்கு 7, சுண்ணாம்புத் தெளிநீருக்கு 12-க்கு மேல் என்று அட்டவணையை நாம் மனப்பாடம் செய்து விடுகிறோம். ஆனால் சற்று நின்று எண்ணிப் பார்த்தால் இந்த அளவுகோல் ஒரு விந்தையான அளவுகோல் என்பது புலப்படும். வெப்பம் கூடினால் வெப்பமானியின் எண் கூடுகிறது. எடை கூடினால் தராசின் எண் கூடுகிறது. இங்கோ புளிப்பு கூடக்கூட எண் குறைகிறது. அதுவும் எண் ஒன்று குறைந்தால் புளிப்பு ஒரு பங்கு கூடுவதில்லை. பத்து மடங்கு கூடுகிறது. இப்படித் தலைகீழாக ஓர் ஏணியைச் சாத்தியவர் யார்? ஏன் சாத்தினார்? இக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால் நாம் போய்ச் சேருமிடம் டென்மார்க் நாடு. காண வேண்டிய மனிதர் சோரன் பீட்டர் லாரிட்ஸ் சோரன்சன்.

இவர் 1868-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 9-ஆம் நாள், டென்மார்க்கின் சீலாந்துத் தீவிலுள்ள ஹாவ்ரபியர்க் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1886-இல், தம் பதினெட்டாம் வயதில், மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்துடன் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் புகுந்தார். அங்கே சோஃபஸ் மாட்ஸ் யோர்கென்சன் என்னும் வேதியியல் பேராசிரியரின் வகுப்பில் அமர்ந்ததுதான் தாமதம், மருத்துவ ஆசை மெல்லக் கரைந்தது, வேதியியலே வாழ்வாயிற்று. மாணவராக இருக்கையிலேயே தம் ஆய்வுக் கட்டுரைகளுக்காகப் பல்கலைக்கழகத்தின் தங்கப் பதக்கத்தை இருமுறை பெற்றார். கோபால்ட் சேர்மங்களைப் பற்றிய ஆய்வுக்காக 1899-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. இதற்கிடையே நிலவியல் ஆய்வுப் பணி, பாலிடெக்னிக் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை, அரசுக் கப்பற்படைத் தளத்துக்கு ஆலோசகர் பதவி என்று பல வேலைகளைப் பார்த்தார். இந்த ஆண்டுகளில் அவர் செய்தவை எல்லாம் நல்ல வேலைகளே. ஆயினும் அவற்றோடு நின்றிருந்தால் அவர் பெயர் இன்று நம் பாடநூலுக்கு வந்திராது. 1901-ஆம் ஆண்டில் வந்த ஓர் அழைப்புதான் அனைத்தையும் மாற்றியது.

அந்த அழைப்பு எங்கிருந்து வந்தது என்று சொன்னால் நம் சிஸ்டர்கள் புருவத்தை உயர்த்தக் கூடும். அது பீர் வடிக்கும் ஓர் ஆலையின் ஆய்வுக்கூடம்! ஆயினும் அக்கூடத்தின் வரலாற்றைக் கேட்டால் அந்தப் புருவங்கள் தாமே இறங்கிவிடும் என்று நம்புகிறோம். ஜே. சி. யாக்கோப்சன் என்பவர் 1847-இல் கோபன்ஹேகனை அடுத்த வால்பி குன்றின் மேல் ஆலை ஒன்றைக் கட்டினார். தம் மகன் கார்லின் பெயரையும் குன்றைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து அதற்குக் கார்ல்ஸ்பர்க் என்று பெயரிட்டார். 1875-இல் ஆலையோடு ஓர் ஆய்வுக்கூடத்தையும் நிறுவினார். அதற்கு அவர் வகுத்த விதிதான் வியப்புக்குரியது: அறிவியலுக்கோ தொழிலுக்கோ பயன்படும் எந்தக் கண்டுபிடிப்பையும் மறைத்து வைத்தல் கூடாது, அனைத்தையும் வெளியிட்டு விடவேண்டும். போட்டி ஆலைக்காரரும் படித்துப் பயன்பெறட்டும் என்று ஒரு முதலாளி எழுதி வைப்பது எளிதான செயலா? அக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் தூய ஈஸ்ட்டை ஒற்றைச் செல்லிலிருந்து வளர்க்கும் முறையைக் கண்டார். அதே ஆண்டில் ஜோஹன் கெல்டால் ஒரு பொருளிலுள்ள நைட்ரஜனை அளக்கும் முறையைக் கண்டார். பால் மாவு டப்பாவில் புரதம் இத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? அத்தகைய கணக்குக்குக் கெல்டால் முறையே இன்றளவும் அடிப்படைகளுள் ஒன்று. இந்தக் கெல்டால் 1900-இல் காலமாகவே, அவர் இருக்கையில் வேதியியல் துறைத் தலைவராக அமர 1901-இல் அழைக்கப்பட்டவர்தான் முப்பத்துமூன்று வயதுச் சோரன்சன்.

புதிய இடத்தில் அவர் கவனத்தை ஈர்த்தவை புரதங்களும் நொதிகளும். முளைகட்டிய வாற்கோதுமையில் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குவது நொதி. கரும்புச் சர்க்கரையைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரிப்பது நொதி. நம் இரைப்பையில் புரதத்தைச் செரிக்கச் செய்வதும் நொதியே. நொதிகள் மிகவும் நுட்பமானவை. சிறிது புளிப்பு இருந்தால் சுறுசுறுப்பாக வேலை செய்யும் ஒரு நொதி, புளிப்பு சற்று மிகுந்தால் சோர்ந்துவிடும். இன்னும் மிகுந்தால் அழிந்தே போகும். எனவே நொதியை ஆராய வேண்டுமானால் கரைசலின் புளிப்பைச் செம்மையாக அளந்தாக வேண்டும். இவ்விடத்தில்தான் இடர் வந்தது.

புளிப்பை அளப்பது என்றால் அக்காலத்தில் என்ன பொருள்? நாங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் தரம்பார்த்தல்தான். பியூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுமிடத்தில் நிறுத்தி, எத்தனை மில்லி லிட்டர் செலவாயிற்று என்று பார்ப்பது. இதில் என்ன குறை என்று தோன்றலாம். இரு குடுவைகளை எடுத்துக் கொள்வோம். ஒன்றில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், மற்றொன்றில் 0.1 மோலார் அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரில் உள்ள அமிலம். அளவு ஒன்றாயின் இரண்டும் செலவழிக்கும் காரமும் ஒன்றே. தரம்பார்த்தலின் கணக்குப்படி இரண்டும் சமம். ஆனால் நொதிக்கோ அவை சமம் அல்ல. ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீரில் கரைந்ததும் தன்னிடமுள்ள ஹைட்ரஜனை எல்லாம் அயனியாக வெளியே விட்டு விடுகிறது. அசெட்டிக் அமிலமோ கருமி. நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவாகவே வெளியே விடுகிறது. மீதியைத் தன்னிடமே பொத்தி வைத்துக் கொள்கிறது. காரத்தைச் சேர்க்கச் சேர்க்கத்தான் ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிறது. ஆகவே தரம்பார்த்தல் நமக்குச் சொல்வது பெட்டியில் உள்ளதும் கையில் உள்ளதும் சேர்ந்த மொத்தத்தை. நொதிக்குத் தெரிவதோ அந்தக் கணத்தில் கரைசலில் தனித்து உலவும் ஹைட்ரஜன் அயனியை மட்டுமே. இந்த இரண்டையும் குழப்பிக் கொண்டால் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரா என்பதைச் சோரன்சன் தெளிவாகக் கண்டார். அவருடைய வாழ்நாள் பணியின் உயிர்நாடி இதுவே என்று நமக்குப் படுகிறது.

அயனி என்னும் கருத்து அவர் படைத்ததன்று. ஸ்வீடன் நாட்டு ஸ்வாந்தே அரீனியஸ் 1884-இல் தம் டாக்டர் பட்ட ஆய்வேட்டில் அடித்தளமிட்ட கருத்து அது. அந்த ஏட்டுக்குப் பல்கலைக்கழகம் மிகக் குறைந்த தரமே வழங்கிற்று. அதே கருத்துக்காக 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது! தேர்வு மதிப்பெண்களைக் கண்டு கலங்கும் தோழியர் இச்செய்தியைக் குறித்துக் கொள்ளலாம். மிகத் தூய நீரும் சிறிதளவு அயனியாகிறது என்பதை 1894-இல் கோல்ராஷும் ஹைட்வைலரும் மின்கடத்தும் திறனை அளந்து காட்டினர். ஒரு லிட்டர் நீரில் 10⁻⁷ மோல் ஹைட்ரஜன் அயனி. அதே அளவு ஹைட்ராக்சைடு அயனி. இந்த எண் எவ்வளவு சிறியது? நூறு மீட்டர் நீளமும் ஐம்பது மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள ஒரு குளத்தைத் தூய நீரால் நிரப்பினால் அது ஒரு கோடி லிட்டர் கொள்ளும். அத்தனை நீரிலும் உள்ள ஹைட்ரஜன் அயனியின் எடை ஒரே ஒரு கிராம்! இவ்வளவு சிறிய ஒன்றை அளப்பது எப்படி? அளந்தபின் எழுதுவதுதான் எப்படி? 0.0000001 என்று ஒவ்வொரு முறையும் சுழியங்களை எண்ணிக் கொண்டிருந்தால் கண் பூத்துப் போகாதா?

அளப்பதற்குச் சோரன்சன் ஹைட்ரஜன் மின்வாயைத் துணை கொண்டார். பிளாட்டினத்தின் மேல் கரிய நுண்பிளாட்டினப் பூச்சு ஏற்றி, கரைசலில் அமிழ்த்தி, ஹைட்ரஜன் வாயுவைக் குமிழ் குமிழாகச் செலுத்தினால் அங்கே ஒரு மின்னழுத்தம் தோன்றும். அதை அழுத்தம் மாறாத இன்னொரு மின்வாயோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். நெர்ன்ஸ்ட் 1889-இல் வகுத்த சமன்பாட்டின்படி, ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு மாறும் போதெல்லாம் அழுத்தம் ஒரே அளவு மாறும். 18 டிகிரி செல்சியசில் அது ஏறத்தாழ 0.058 வோல்ட். செறிவு பத்தில் ஒன்றானாலும், நூறில் ஒன்றானாலும், ஆயிரத்தில் ஒன்றானாலும் கருவி காட்டுவது ஒரு படி, இரு படி, மூன்று படி. மடக்கைக் கணக்கைச் சோரன்சன் கருவியின் மேல் திணிக்கவில்லை; கருவியே மடக்கையில்தான் பேசிற்று. நாம் தேடி வந்த விடையில் பாதி இங்கே இருக்கிறது.

மறுபாதி 1909-இல் வெளிவந்தது. நொதிகளைப் பற்றிய தம் ஆய்வு வரிசையின் இரண்டாம் பகுதியாக அவர் ஒரு மிக நீண்ட கட்டுரை எழுதினார். அதில், ஹைட்ரஜன் அயனிச் செறிவை எப்போதும் பத்தின் எதிர்க்குறி அடுக்காக எழுதி, அந்த அடுக்கிலுள்ள எண்ணை மட்டும் குறியை விட்டுவிட்டு எடுத்துக் கொள்ளலாம் என்று முன்மொழிந்தார். அந்த எண்ணுக்கு ஹைட்ரஜன் அயனி அடுக்கு என்று பெயரிட்டார். பி என்னும் எழுத்தின் அடியில் சிறியதாக எச் எழுதிக் குறித்தார். பின்னர் அச்சிடுவதற்கு எளிதாக இரண்டும் ஒரே வரியில் ஏறிக் கொண்டன. செறிவு 10⁻² என்றால் 2. 10⁻⁷ என்றால் 7. எதிர்க்குறியை நீக்கியதால்தான் ஏணி தலைகீழாயிற்று. எல்லாக் கரைசல்களுக்கும் குறைக்குறி போட்டு எழுதும் தொல்லையைவிட ஏணியைத் திருப்பி வைப்பது மேல் என்று கருதினார் போலும். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் இதை ஒப்புக்கொள்வோம்.

அவர் வகுத்த வழியில் சில கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம். வீரியமிக்க அமிலத்துக்குக் கணக்கு மிக எளிது. 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுதும் அயனியாவதால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 10⁻², பி.எச். 2. செறிவு 0.002 மோலார் ஆனால் மடக்கை அட்டவணையைப் புரட்ட வேண்டும். 2-இன் மடக்கை 0.3010, 3-லிருந்து அதைக் கழித்தால் 2.70. காரத்துக்கு ஒரு சுற்று வழி உண்டு. 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை 10 லிட்டர் கரைசலாக்கினால் 0.01 மோலார், ஹைட்ராக்சைடு அயனி 10⁻². நீரில் இரு அயனிகளின் பெருக்கற்பலன் 25 டிகிரியில் 10⁻¹⁴ ஆக இருக்க வேண்டும் என்பதால் ஹைட்ரஜன் அயனி 10⁻¹², பி.எச். 12. சோரன்சன் தாம் வேலை செய்த 18 டிகிரியில் நடுநிலைப் புள்ளியை 7 என்று கொள்ளவில்லை, 7.07 என்றே கணித்தார். 7 என்பது வெப்பநிலையைப் பொறுத்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

கருமி அமிலத்துக்குக் கணக்கு சற்று வேறு. அசெட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. அதைச் செறிவாகிய 0.1-ஆல் பெருக்கினால் 1.8 × 10⁻⁶. வர்க்கமூலம் கண்டால் 0.00134. இதன் பி.எச். 2.87. அதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கோ 1. எண்ணில் வேறுபாடு இரண்டுக்கும் குறைவுதான். அயனியிலோ ஏறத்தாழ எழுபத்தைந்து மடங்கு! தரம்பார்த்தல் சமம் என்று சொன்ன அதே இரு குடுவைகள்தாம் இவை.

இவ்விடத்தில் மேல்வகுப்பு அக்காமார் விரும்பிக் கேட்கும் ஒரு புதிரையும் சொல்லிவிட வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நீர்த்துக் கொண்டே போய் 10⁻⁸ மோலார் ஆக்கினால் பி.எச். என்ன? சூத்திரத்தில் போட்டால் 8 வருகிறது. ஆனால் 8 என்பது காரம் ஆயிற்றே! அமிலத்தில் நீரை ஊற்ற ஊற்ற அது காரமாகுமா? ஆகாது. நீர் தரும் அயனி அமிலம் தரும் அயனியைவிட மிகுந்திருப்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவ்வாறு சேர்த்தால் விடை 6.98. ஏழுக்கு மிக அருகில். ஆனால் ஏழுக்குக் கீழேதான்.

மீண்டும் கோபன்ஹேகன் ஆய்வுக்கூடத்துக்குச் செல்வோம். புளிப்பை அளந்தால் மட்டும் போதவில்லை. நொதி வேலை செய்யும் நேரம் முழுவதும் அது மாறாமல் நிற்கவும் வேண்டும். தூய நீரில் ஆய்வு செய்தால் கண்ணாடியிலிருந்து கரையும் சிறிது காரமும், காற்றிலிருந்து கரையும் கார்பன் டை ஆக்சைடும்கூட அளவைக் கெடுத்துவிடும். இதற்கு மருந்துதான் தாங்கல் கரைசல். வீரியம் குறைந்த ஓர் அமிலமும் அதன் உப்பும் சேர்ந்திருக்கும் கரைசல் அது. தொடர்வண்டிப் பெட்டிகள் மோதிக் கொள்ளும்போது அதிர்ச்சியைத் தாங்குவதற்கு அவற்றின் முனையில் அமைப்பு ஒன்று இருக்கிறதல்லவா, அதன் பெயரையே ஐரோப்பிய அறிஞர் இக்கரைசலுக்கும் வைத்தனர். இந்தக் கருத்து முன்பே பிரான்சில் எழுந்தது. பாஸ்பேட், சிட்ரேட், போரேட், கிளைசின் ஆகியவற்றைக் கொண்டு, இன்ன அளவில் கலந்தால் இன்ன பி.எச். கிடைக்கும் என்று வரிசை வரிசையாக அளந்து, உலகத்து ஆய்வுக்கூடங்கள் அனைத்தும் பயன்படுத்தும்படி அட்டவணையும் வரைகோடும் தந்த பெருமை சோரன்சனைச் சாரும்.

தாங்கல் கரைசலின் ஆற்றலைக் கணக்கிலேயே காணலாம். ஒரு லிட்டர் தூய நீரில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் பி.எச். 7-லிருந்து 2-க்கு ஒரேயடியாக விழுகிறது. இனி, ஒரு லிட்டரில் அசெட்டிக் அமிலம் 0.1 மோலும் சோடியம் அசெட்டேட் 0.1 மோலும் உள்ள கரைசலை எடுத்துக் கொள்வோம். இரண்டும் சமமாக இருப்பதால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பிரிகை மாறிலிக்கே சமம், பி.எச். 4.74. இதில் அதே 0.01 மோல் அமிலத்தை விடுவோம். அசெட்டேட் அதைப் பிடித்துத் தன்னோடு சேர்த்து அசெட்டிக் அமிலமாக்கி விடுகிறது. உப்பு 0.09 ஆகக் குறைகிறது, அமிலம் 0.11 ஆகக் கூடுகிறது. 0.09-ஐ 0.11-ஆல் வகுத்து மடக்கை கண்டு 4.74-உடன் கூட்டினால் 4.66. நீரில் ஐந்து படி வீழ்ச்சி. இங்கே ஒரு படியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

இந்தக் கணக்கின் அருமையை நம் உடலே உணர்த்துகிறது. அமெரிக்காவில் லாரன்ஸ் ஹென்டர்சன் 1908-இல் இரத்தம் தன் நிலையை எவ்வாறு காத்துக் கொள்கிறது என்று விளக்கினார். சில ஆண்டுகள் கழித்து, கோபன்ஹேகனில் வாழ்ந்த மருத்துவ அறிஞர் கார்ல் ஹாசல்பால்க், தம் நகரத்துச் சோரன்சனின் புதிய குறியீட்டைக் கொண்டு ஹென்டர்சனின் சமன்பாட்டை மடக்கை வடிவில் எழுதினார். நம் இரத்தத்தில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு ஒரு பங்கு என்றால் பைகார்பனேட் இருபது பங்கு. இருபதின் மடக்கை 1.3, அதை இந்தத் தாங்கலுக்குரிய எண்ணாகிய 6.1-உடன் கூட்டினால் 7.4. ஆரோக்கியமான மனிதரின் இரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கிறது. நாம் ஓடினாலும் உறங்கினாலும், புளியோதரை உண்டாலும் நோன்பிருந்தாலும், நுரையீரலும் சிறுநீரகமும் அந்த ஒன்றுக்கு இருபதைக் காத்து வருகின்றன. இன்றும் மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் தமனி இரத்தத்தை எடுத்துச் சோதிக்கும்போது முதலில் பார்க்கப்படும் எண்களுள் ஒன்று பி.எச். மருத்துவம் படிக்க வந்து பாதியில் வேதியியலுக்குத் திரும்பிய அந்த உழவர் மகன், மருத்துவர்கள் கையில் ஓர் எண்ணைக் கொடுத்துச் சென்றிருக்கிறார்.

மின்வாயை வைத்து அளப்பது மெல்ல நடக்கும் வேலை. எனவே சோரன்சன் நிறங்காட்டிகளையும் விட்டுவிடவில்லை. பல சாயங்களைச் சோதித்து, புரதமும் உப்பும் இருந்தால் பொய் சொல்பவை எவை, நம்பத்தக்கவை எவை என்று பிரித்தெடுத்தார். அறிந்த பி.எச். உள்ள தாங்கல் கரைசல்களில் சாயத்தை இட்டு நிறங்களை வரிசையாக வைத்து, சோதிக்க வேண்டிய கரைசலின் நிறத்தை அவற்றோடு ஒப்பிடும் முறையைச் சீர்ப்படுத்தினார். நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பி.எச். தாளைக் கரைசலில் தோய்த்து அட்டையிலுள்ள வண்ணங்களோடு ஒப்பிடுகிறோமே, அது அம்முறையின் பேத்தி எனலாம்.

புதிய குறியீடு முதலில் உயிர்வேதியியலாரிடையே பரவியது. மண் ஆய்வு, பால் பண்ணை, தோல் பதனிடுதல், குடிநீர் என்று பின்னர் எங்கும் நுழைந்தது. 1934-இல் கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றை அளப்பதற்காக ஆர்னால்டு பெக்மன், கண்ணாடி மின்வாயையும் மின்பெருக்கியையும் இணைத்து, ஒரு பெட்டிக்குள் அடங்கும் கருவியாக்கினார். அதன்பின் பிளாட்டினமும் ஹைட்ரஜன் குமிழிகளும் இன்றியே எவரும் அளக்கலாம் என்றாயிற்று.

சோரன்சனோ தம் பழைய வரையறையையே ஐயத்துடன் பார்த்து வந்தார். மின்வாய் உண்மையில் காட்டுவது செறிவை அன்று. அயனிகள் ஒன்றையொன்று இழுத்துக் கொள்வதால் சற்றுக் குறைந்துபோன அவற்றின் செயல்திறனை என்பது பின்னால் தெளிவாயிற்று. 1924-இல், தம்மைவிட இருபத்தெட்டு வயது இளையவரான காய் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங் என்பவரோடு சேர்ந்து, பி.எச். வரையறையைத் தாமே திருத்தி வெளியிட்டார். உலகமெல்லாம் ஏற்றுக்கொண்ட ஒன்றை, அதைப் படைத்தவரே முன்வந்து திருத்துவது அரிது. நாங்கள் பள்ளியில் படிப்பது 1909-ஆம் ஆண்டு வரையறை. நீர்த்த கரைசல்களுக்கு அதுவே போதுமானது.

பெண்கள் பள்ளியின் மலரில் இன்னொருவர் பெயரையும் எழுதாமல் விடலாகாது. முட்டை வெண்கருப் புரதத்தைப் படிகமாக்கி ஆராய்ந்த புகழ்பெற்ற கட்டுரைகளில் சோரன்சனோடு ஆசிரியராக இடம்பெற்றவர் மார்கிரேத ஹொய்ரப் என்னும் பெண்மணி. கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் அவரோடு பணிபுரிந்த இவ்வம்மையார் அவருடைய வாழ்க்கைத் துணைவியாகவும் ஆனார். பின்வந்த ஆய்வுகளிலும் தொடர்ந்து பங்கேற்றார். பாடநூல்களில் அவர் பெயரை நாம் காண்பதில்லை.

நோபல் பரிசு சோரன்சனுக்குக் கிட்டவில்லை. முப்பத்தேழு ஆண்டுகள் அதே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி 1938-இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு, 1939 பிப்ரவரி 12-ஆம் நாள், கோபன்ஹேகனை அடுத்த சார்லட்டன்லுண்டில், தம் எழுபத்தோராம் வயதில் இயற்கை எய்தினார். அவர் விட்டுச் சென்ற துறைக்குத் தலைவரானவர், 1924-இல் அவரோடு சேர்ந்து வரையறையைத் திருத்திய அதே லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்.

பி.எச். என்பதில் எச் ஹைட்ரஜனைக் குறிக்கும். பி எதைக் குறிக்கும் என்று தோழியர் கேட்கக்கூடும். அடுக்கைக் குறிக்கும் சொல் ஜெர்மன், பிரெஞ்சு, டேனிஷ் ஆகிய மூன்று மொழிகளிலும் அதே எழுத்தில் தொடங்குவதால், ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் மொழிச் சொல்லே அது என்று உரிமை கொண்டாடினர். 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வாளர் அந்தப் பழைய கட்டுரைகளைத் துருவிப் பார்த்து வேறொரு விளக்கம் தந்தார். தம் கணக்குகளில் சோரன்சன் ஒரு கரைசலுக்கு பி என்றும் மற்றொரு கரைசலுக்கு கியூ என்றும் எழுதி வந்தார். அகர வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எழுத்துகள், அவ்வளவுதான் என்கிறார் அவர்.